எல்லாம் சாவி, அக்கா...

தொலைபேசி அலறியது.

அன்றைய சந்தை விலைகளைத் திரையில் ஏற்றிக்கொண்டிருந்தவள் எண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். தம்பி.

"அக்கா..."

அவனுக்கு மூச்சு வாங்கியது. குரலுக்குப் பின்னால் திறந்த வெளியின் காற்று, துணி கிழிவதுபோல் இரைந்துகொண்டிருந்தது.

"எங்கடா இருக்க?"

"கோபுரத்து மேல. போச்சு அக்கா... எல்லாம் சாவி... எல்லாம் சா..."

சொல் பாதியில் அறுந்தது.

அதன் பின் வந்தது சொல்லன்று. அலறல். மேலிருந்து கீழாக இறங்கி, இறங்கி, மண்ணில் முடிந்த அலறல்.

அவள் ஓடினாள்.

வேளாண் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் பின்வாசலைத் தாண்டினால் சோதனை வயல்கள். வயல்களின் நடுவே இரும்புக் கோபுரம். பயிரின் வளர்ச்சியை உயரத்திலிருந்து பார்ப்பதற்கென எழுப்பியது. அதன் அடியில், இடுப்பளவு நெற்பயிரின் நடுவே, வானத்தைப் பார்த்துக் கிடந்தான் தம்பி.

விழுந்த இடத்தில் மட்டும் பயிர் மடங்கியிருந்தது. சுற்றிலும் கதிர்கள் விறைப்பாக நிமிர்ந்து நின்றன. ஒன்றுகூடத் தலை குனியவில்லை.

அக்கா கூப்பிட்டாள்.

தம்பி பேசவில்லை.

*

அந்த நிறுவனத்தில் அவளுக்கு இட்ட பெயர் ஒன்று. வழங்கிய பெயர் வேறு.

தராசு.

ஊர் ஊராகச் சந்தைகளின் விலையைத் திரட்டி, எது ஏறும், எது இறங்கும் என்று முன்னுரைப்பது அவள் தொழில். எந்த வியாபாரி குழைந்தாலும், எந்த மேலதிகாரி முறைத்தாலும், அவள் முள் ஒரு பக்கம் சாய்ந்ததில்லை. அதனால் வந்த பெயர்.

பெற்றவர்கள் பாதியில் போய்விட, தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான். அவனும் படித்து அதே நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தான். அறுவடைச் சோதனை அவன் பிரிவு. குலுக்கல் முறையில் வயல்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை அளந்து, அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்துப் பார்க்க வேண்டும். அந்தத் துண்டு நிலங்கள் சொல்வதைக் கொண்டு, நாடு என்ன உண்ணும் என்று கணிக்க வேண்டும்.

நிறுவனத்தின் தலைவர் ஒரு பேராசிரியர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர் காதுக்கு மட்டும் எட்டாத பெயர்.

ஆகாயம்!

செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் கொண்டே விளைச்சலைக் கணித்துவிடலாம் என்பது அவருடைய ஆராய்ச்சி. பச்சை தெரிந்தால் பயிர்; பயிர் தெரிந்தால் மகசூல். வயலை அவர் வானத்திலிருந்து மட்டுமே பார்த்தவர். வரப்பில் கால் வைத்தவரல்லர். அவருடைய காலணியில் சேறு கண்டவர் எவருமிலர்.

அவர் எழுதிய அறிக்கை அரசின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. புதிய நெல் ரகம் பொங்கி விளைந்திருக்கிறது. இனி அந்த விதைக்கு மட்டுமே மானியம். கையிருப்பில் உள்ள தானியத்தைக் கப்பலேற்றி விற்றுவிடலாம் என்றது அந்த அறிக்கை.

தராசுக்கு மட்டும் ஓர் ஐயம் உறுத்திக்கொண்டே இருந்தது. விளைச்சல் பெருகினால் விலை சரிய வேண்டும். நெல் விலையோ ஏறிக்கொண்டிருந்தது.

"சந்தைக்கு மூக்கு நீளம்டா," என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தம்பியிடம் சொன்னாள். "எங்கயோ ஏதோ கருகுது. அதுக்குத் தெரியுது, நமக்குத் தெரியல."

அந்த ஒரு சொல்லுக்காகவே அவன் அரிவாளும் எடைக்கருவியுமாகக் கிளம்பினான். புது ரகத்தை வயல் வயலாக அறுத்தான்.

இன்று அவனே அறுபட்டுக் கிடந்தான்.

*

வந்த இன்ஸ்பெக்டர் பெருத்த உடம்புக்காரர். பேச்சில் புளிப்பு, பார்வையில் ஊசி. கோபுரத்தில் ஏறி இறங்கி, வியர்வையை ஒற்றியபடி எல்லாரையும் விசாரித்தார்.

பேராசிரியர் தம் அறையிலேயே இருந்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டார். பையன் வயலுக்கே போகாமல் எண்களை இட்டுக்கட்டி எழுதியிருக்கிறான். அறுத்த நெல்லின் மாதிரி எங்கே என்று கேட்டேன், ஒரு பிடிகூடக் காட்டவில்லை. விளக்கம் கேட்டேன், குனிந்த தலை நிமிரவில்லை. வெட்கம் தாங்காமல் இப்படிச் செய்துகொண்டான். இதுதான் அவர் சொன்னதன் சாரம். மறுநாள் செய்தித்தாள்கள் அதை அப்படியே அச்சடித்தன. பொய்க்கணக்கு எழுதிய ஆய்வாளர் தற்கொலை!

அக்காவிடமும் இன்ஸ்பெக்டர் கேட்டார். ஃபோனில் என்ன சொன்னான்?

"அக்கான்னு கூப்பிட்டான் சார்," என்றாள். "அப்புறம் அலறினான்."

அவ்வளவுதான் சொன்னாள். நடுவில் வந்த சொல்லை நெஞ்சுக்குள் போட்டுப் புதைத்துவிட்டாள்.

அவளுக்கு அப்போது ஒன்றுதான் வேண்டியிருந்தது. செத்தவன் திரும்ப மாட்டான். அவன் மேல் பூசிய கரியாவது போக வேண்டும். அவன் கை அறுத்தது. அவன் கண் பார்த்தது. அவன் எழுதியது மெய். அதை நாடறியச் சொல்லவைக்க வேண்டும்.

யாரைக் கொண்டு சொல்லவைப்பது? அதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

தெரிவிக்க ஒருவர் தாமே வீடு தேடி வந்தார்.

*

பேராசிரியர் காலணியை வாசலில் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே வந்தார். அறையின் ஓரத்தில் தம்பியின் ரப்பர் பூட்சுகள், சேறு காய்ந்து வெடித்து நின்றன. அவற்றின் மேல் கால்சட்டை உரசாதபடி ஒதுங்கி உட்கார்ந்தார்.

விதி என்றார். வயசு என்றார். நல்ல பையன், கொஞ்சம் அவசரம் என்றார். நிறுவனத்தின் வாசல் உங்களுக்கு என்றும் திறந்திருக்கும் என்றார். அவள் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கொண்டுவந்த ஆறுதலெல்லாம் தீர்ந்த பின்னும் மனிதர் எழுந்திருக்கவில்லை. விரலை விரலோடு கோத்தார், பிரித்தார்.

"ஏம்மா... உன் தம்பி உன்கிட்ட ஏதாவது சாவி குடுத்து வச்சிருந்தானா?"

அவள் நிமிர்ந்தாள்.

"என்ன சாவி சார்?"

"ஏதோ ஒரு சாவி. ஆபீஸ் சாமான் எதையாவது உள்ள வச்சுப் பூட்டியிருப்பான். நிறுவனத்துக்குச் சொந்தமானது, பார்."

"எந்தப் பூட்டோட சாவி சார்?"

"அது தெரிஞ்சா நான் ஏன்மா உன்னைக் கேக்கறேன்?"

அவள் எழுந்து நின்றாள்.

"தேடிப் பாக்கறேன் சார்," என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். கண்ணில் நீர் இல்லை. அது இருந்த இடத்தில் இப்போது நெருப்பு இருந்தது.

தமிழில் அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் இரண்டு. பூட்டைத் திறப்பதும் சாவி. பூத்தும் பால் பிடிக்காமல், உள்ளே மணி இல்லாமல் பொய்த்துப்போன கதிரும் சாவி!

தம்பி கோபுரத்தின் மேல் நின்று பார்த்தது இரண்டாவதை. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை; கையில் எடுத்தால் வெறும் உமி. பூக்கும் பருவத்தில் அடித்த வெப்பம் புதிய ரகத்தின் கருவையே கருக்கியிருந்தது. மணி நிறைந்த கதிர் தலை தாழ்த்தும். சாவிக் கதிர் செருக்கோடு நிமிர்ந்து நிற்கும். வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே.

'போச்சு அக்கா, எல்லாம் சாவி.' உழைப்பெல்லாம் வீணாயிற்று என்று மனம் வெறுத்தவன் சொல்வதுபோலவும் அது ஒலித்தது. அதைச் சொன்னால் தற்கொலைக்கு அதுவே சாட்சியாகிவிடும் என்று அஞ்சித்தான் அவள் போலீசிடமும் மறைத்தாள். சுவரிடம்கூடச் சொல்லவில்லை.

அப்படியிருக்க, அந்தச் சொல் இவருக்கு எப்படித் தெரியும்?

தம்பியின் பக்கத்தில் நின்று கேட்டவனுக்குத்தான் தெரியும்.

கேட்டும், அதைப் பூட்டுச் சாவி என்று எடுத்துக்கொள்ள, வாழ்நாளில் வயலில் இறங்காதவனால்தான் முடியும்!

*

"நான்கூட பூட்டுச் சாவின்னுதான்மா நினைச்சிருப்பேன்," என்றார் இன்ஸ்பெக்டர். இவள் இப்போது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள்.

"நீங்க போலீஸ் சார். அவர் நெல்லைப் பத்தி அலமாரி நிறையப் புத்தகம் எழுதினவர்."

இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஏட்டுச் சுரைக்காய். நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா கோர்ட் நம்பாது. 'துக்கம் கேக்கப் போனப்போ அந்தம்மாவே சொல்லிச்சு'ன்னு ஒரே வரியில முடிச்சுடுவார். அப்போ நானும் நீங்களும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணும்."

"அவரே ஒத்துக்கிட்டா?"

"பேஷா செல்லும். ஆனா ஒண்ணு. மிரட்டக் கூடாது. அடைச்சு வைக்கக் கூடாது. இல்லாததைச் சொல்லி ஏமாத்தினாங்கன்னு நாளைக்கு அவர் வக்கீல் குதிக்கவும் இடம் வைக்கக் கூடாது. அவருக்கே பேசணும்னு தோணணும்."

"தோணும் சார்," என்றாள்.

அவள் சொன்ன விதம் இன்ஸ்பெக்டருக்குச் சரியாகப் படவில்லை. ஏதாவது ஏடாகூடமாச் செஞ்சுடாதீங்க என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினார்.

அங்கிருந்து அவள் நேரே போன இடம் நிறுவனத்தின் தானியக் கிடங்கு.

கிடங்குக்காரர் முழங்கால் வலிக்காரர். தம்பியை நினைத்து மூக்கைச் சிந்தினார். அவன் அறுத்துக் கொண்டுவந்த மூட்டைகளைத் தாம் கண்ணால் பார்த்ததாகவும், விடிந்து வந்து பார்த்தபோது ஒன்றுகூட இல்லையென்றும், கேட்டதற்குப் பேராசிரியர் வாயை மூடிக்கொண்டிரு என்றாரென்றும் புலம்பினார். பிறகு, அவளுக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துகொள்ளச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கிடங்கின் பின்புற அலமாரியில், மண்டையோடு வரைந்த ஓர் அலுமினிய டப்பா இருந்தது. மூட்டைகளில் புழு வைக்காமலிருக்கப் புகைமூட்டம் போடுவதற்கான மாத்திரைகள். மூடியைத் திறந்து காற்றுப் பட வைத்தால் போதும். மெல்ல மெல்ல நச்சு எழும். கிடங்கிலுள்ள வண்டு, எலி, எல்லாம் மடியும்.

மனிதன் மட்டும் என்ன விதிவிலக்கா?

அவள் டப்பாவைக் கையில் எடுத்தாள்.

நெடுநேரம் எடுத்த கை எடுத்தபடி நின்றாள். தம்பி குழந்தையாய் இருந்தபோது, காய்ச்சலில் அவள் மேல் சாய்ந்து உறங்கிய கனம் அந்தக் கையில் ஏறியிருந்தது. வானத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்தவன், தன் உயிர் பிரிவதை மிக அருகிலிருந்து பார்க்கட்டும். ஒரு மூச்சுக்கு அவன் கெஞ்சட்டும். அந்தக் கெஞ்சல் அவள் காதில் விழட்டும்!

*

மறுநாள் முற்பகல் பேராசிரியர் அறை.

சுவரையே மறைக்கும் திரையில் நாடு முழுவதும் பச்சைப் பசேலென்று விரிந்திருந்தது. அதன் முன் சுழல் நாற்காலியில் அவர். மேசையின் மேல் அவள் ஒரு சின்னச் சாவியை வைத்தாள்.

"நீங்க சாவி கேட்டீங்களே சார்."

அவர் கை பாய்ந்து வந்து, பாதி வழியில் தன்னைத் தானே அடக்கிக்கொண்டது.

"எதோடது?"

"கிடங்குல ஒரு இரும்புப் பெட்டி இருக்கு சார். கடைசி மூலையில. அதுக்குச் சேரும்."

"திறந்து பாத்தியா?"

"நான் திறந்து பாக்கலை சார்."

"வேற யாருக்காவது..."

"இந்தச் சாவியை இப்போ உங்ககிட்டத்தான் குடுக்கறேன்."

பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். நல்ல காரியம் செய்தாய் என்று பாராட்டினார். தம்பியின் பெயரில் ஒரு சிறு நினைவுப் பரிசு ஏற்படுத்தலாம், நல்ல கட்டுரை எழுதும் மாணவனுக்குக் கொடுக்கலாம் என்று யோசனைகூடச் சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவது எத்தனை கடினம் என்று அன்றுதான் அறிந்தாள்.

சாப்பாட்டு வேளை. அலுவலகம் காலியாயிற்று. கிடங்கின் வாசல் திறந்தே கிடந்தது. பேராசிரியர் இருபுறமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

தார்ப்பாய் போர்த்திய அடுக்குகள் மலைமலையாய் இருமருங்கும் நின்றன. கூரைக் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில் தூசி நீந்தியது. கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி நடந்து, கடைசி மூலையை அடைந்தார். பெட்டி இருந்தது. புதுப் பூட்டு. சாவி வெண்ணெயாய்த் திரும்பியது.

பெட்டி காலி.

கடகடவென்று ஓர் ஓசை.

திரும்பினார். வாசலில் இருந்த வெளிச்சம் இல்லை. கதவு மூடியிருந்தது!

ஓடி வந்தார். இரும்புத் தகட்டைக் கையால் அறைந்தார்.

"யாரு அங்க?"

கதவுக்குப் பக்கத்தில், தலைக்கு மேலே, கம்பி போட்ட காற்றுச் சாளரம். அதன் வழியே குரல் வந்தது.

"நான்தான் சார்."

"தராசா? கதவு மூடிக்கிச்சும்மா. திற."

"எலி வரும்னு எப்பவும் சாத்தி வைக்கறதுதானே சார்."

"பூட்டிட்டியா?"

"பூட்டலை சார். என்கிட்ட இருந்த ஒரே சாவி உங்க கையில இருக்கு."

பேராசிரியர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவு அசையவில்லை. பிடியைப் பற்றி இழுத்தார். அசையவில்லை. இளைத்தபடி ஆழ்ந்து மூச்சிழுத்தார்...

அப்போதுதான் அந்த நெடி மூக்கில் ஏறியது.

காரமாக, கனமாக, தொண்டையைப் பற்றும் நெடி.

பூண்டு!

வேளாண்மை படிக்கும் மாணவனுக்கு முதல் ஆண்டில், முதல் பாடமாகச் சொல்வது இது. கிடங்கில் புகைமூட்டம் போடும் நஞ்சுக்குப் பூண்டின் நாற்றம் உண்டு. அது மூக்கில் பட்டால் நின்று யோசிக்காதே, ஓடு. பேராசிரியர் அதைப் படித்திருந்தார். பாடமாக எழுதியும் இருந்தார். எந்தப் புத்தகத்தில், எத்தனையாம் பக்கம் என்பதுகூட அந்தக் கணத்தில் அவர் கண் முன்னே வந்து நின்றது. ஓடத்தான் வழி இல்லை.

"என்ன வாசனை இது... ஏய், என்ன வாசனை?"

"பூண்டு வாசனைதான் சார். உங்களுக்குத் தெரியாததா?"

"மாத்திரை போட்டிருக்கியா?"

"நான் எதையும் போடலை சார்."

"பொய்! பொய் சொல்ற... கண்ணெல்லாம் எரியுது எனக்கு. நெஞ்சை அடைக்குது. திற, திறந்துடு. என்ன வேணும் உனக்கு?"

சாளரத்துக்கு வெளியே ஒரு காக்கை கத்தி ஓய்ந்தது.

"எனக்கு ஒண்ணு தெரிஞ்சுக்கணும் சார். என் தம்பி எப்படி விழுந்தான்?"

"எனக்கென்ன தெரியும்? நான் ரூம்ல..."

இருமல் வந்தது. இருமினால் நஞ்சு இன்னும் உள்ளே போகுமே என்ற அச்சத்தில் இருமலை விழுங்கினார். விழுங்கியதில் கண் பிதுங்கியது. நாடித் துடிப்பைப் பிடித்துப் பார்த்தார். அது குதிரையாய் ஓடியது. நஞ்சின் இரண்டாம் அறிகுறி! மண்டியிட்டார். தரையோடு தரையாய் மூக்கை வைத்துப் பார்த்தார். அங்கும் பூண்டு.

"சொல்றேன்... சொல்றேன்மா. நான் மேல போனேன். சத்தியமா, பேசத்தான் போனேன். அறிக்கை கையெழுத்தாகற நேரம், கொஞ்சம் பொறுத்துக்கடான்னு கேக்கத்தான் போனேன். அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உன்கூடப் பேசிக்கிட்டிருந்தான். 'எல்லாம் சாவி'ன்னான். எல்லாத்தையும் எங்கயோ வச்சுப் பூட்டியிருக்கான், சாவி எங்க இருக்குன்னு உனக்குச் சொல்லப்போறான்னு நினைச்சேன்..."

"அப்புறம்?"

"ஃபோனைப் பிடுங்கத்தான் கையை நீட்டினேன்."

"சார்."

அந்த ஒற்றைச் சொல் கத்திபோல் இறங்கியது.

"...தள்ளினேன். ரெண்டு கையாலயும் தள்ளினேன். போதுமா? திற!"

"அவன் எழுதின எண்ணெல்லாம் பொய்தானே சார்?"

"நிஜம்! எல்லாம் நிஜம். ஒவ்வொரு வயலும் அறுத்தான், ஒவ்வொண்ணும் வெறும் உமி. மூட்டையை எல்லாம் ஆத்துல கொட்ட வச்சது நான்தான். அவன் ஒரு எண்கூடப் பொய்யா எழுதலை. பொய் என் அறிக்கை. ஐயோ, மூச்சு... மூச்சு வரலை..."

வெளியே, அவள் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

கெஞ்சலைக் கேட்க வேண்டும் என்றுதானே இருந்தாள்? கேட்டாயிற்று. அது இனிக்குமென்று எண்ணியிருந்தாள். இனிக்கத்தான் செய்தது.

*

கதவு திறந்தது.

தள்ளியும் திறக்கவில்லை, இழுத்தும் திறக்கவில்லை. பக்கவாட்டில் உருண்டு திறந்தது! தண்டவாளத்தில் ஓடும் கதவு. காலையிலேயே அவள் சொல்லி வரவழைத்திருந்த இன்ஸ்பெக்டர் அதை ஒரு விரலால் நகர்த்திக்கொண்டு நின்றிருந்தார். பின்னால் கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு கான்ஸ்டபிள். அவருக்கும் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு கிடங்குக்காரர்.

பேராசிரியர் தவழ்ந்து வந்து விழுந்தார்.

"ஆம்புலன்ஸ்... சீக்கிரம், விஷவாயு... இவ என்னைக் கொல்லப் பாத்தா!"

இன்ஸ்பெக்டர் அவரைத் தாண்டி உள்ளே போனார். பக்கத்து அடுக்கின் மேலிருந்த தார்ப்பாயைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

மூட்டை மூட்டையாய்ப் பூண்டு!

முன்வரிசை மூட்டைகளைக் கல்லால் நசுக்கி, வாயைப் பிரித்து வைத்திருந்தது.

"சந்தையில எனக்குத் தெரிஞ்ச வியாபாரி அனுப்பினது சார்," என்றாள் தராசு. "காயக் காய எவ்வளவு எடை குறையுதுன்னு பாக்கறதுக்கு. ஆராய்ச்சிதான்."

பேராசிரியர் பூண்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தண்டவாளத்தைப் பார்த்தார். மூச்சு அவருக்கு மிகச் சீராக வந்துகொண்டிருந்தது.

எழுந்து உட்கார்ந்தபோது பழைய மிடுக்கு பாதி திரும்பியிருந்தது. இது செல்லாது, மிரட்டி வாங்கிய வாக்குமூலம், அடைத்து வைத்து, ஏமாற்றி, என்று அடுக்கத் தொடங்கினார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் பக்கத்தில் குந்தினார்.

"அந்தம்மா பூட்டலைன்னு சொன்னாங்க, பூட்டலை. பூண்டுன்னு சொன்னாங்க, பூண்டு. எதையும் போடலைன்னாங்க, போடலை. கொன்னுடுவேன்னு ஒரு வார்த்தை வரலை. முழுக்க முழுக்க நிஜத்தைச் சொல்லியிருக்காங்க சார். உங்களுக்குத்தான் நிஜத்தைக் கேட்டுப் பழக்கமில்லை."

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார். தராசு அருகில் வந்து நின்றாள்.

"மாத்திரை டப்பாவைக் கையில எடுத்தேன் சார், நேத்து. எடுத்தது நிஜம். நீங்க செத்துட்டா என் தம்பி பொய்க்கணக்கு எழுதினவனாவே போயிருப்பான். அதனால திருப்பி வச்சுட்டேன். நீங்க பிழைச்சது அவனாலதான்."

பேராசிரியர் விலங்கிட்ட கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு. அவன் எதையும் பூட்டி வைக்கலை. சாவின்னு அவன் சொன்னது பால் பிடிக்காத கதிரை. உங்க நெல்லை. ஒரே ஒரு தடவை வயல்ல இறங்கி நின்னிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நீங்க வீடு தேடி வந்து கேக்காம இருந்திருந்தா, யார் தள்ளினதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அவருடைய நிமிர்ந்தே பழகிய தலை, மெல்ல, முதல் முறையாகக் குனிந்தது.

கான்ஸ்டபிள் அவரை நடத்திக்கொண்டு போனார். காலை மழை தேங்கிய வரப்பு வழி அது. பளபளத்த காலணி கணுக்கால் வரை சேற்றில் புதைந்தது. தம்பியின் பெயர் நாளை எல்லாச் செய்தித்தாளிலும் எப்படி வரவேண்டும் என்பதை அவள் இன்ஸ்பெக்டரிடம் ஒருமுறை சொன்னாள். அவர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்ன பிறகே, அத்தனை நாள் அடக்கிய அழுகையை அழுதாள். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று, ஒரு பூண்டை எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க தொழில்ங்கறதால கேக்கறேன். பூண்டு விலை யானை விலை விக்குதுன்னு வீட்ல தினமும் எனக்குத்தான் பாட்டு. இது எப்பத்தான் இறங்கும்?"

தராசு, சேற்றில் தள்ளாடிப் போகும் உருவத்தைப் பார்த்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் உதட்டின் ஓரம் லேசாகக் கோணியது.

"ஆகாயமே இறங்கிடுச்சே சார்... பூண்டு விலையா இறங்காது?"